டயரியை டியூஷனுக்குக் கொடுக்காதே, அம்மிணி

உடுமலைப்பேட்டையிலிருந்து கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரருக்கு அங்கே கம்பெனி வேலை. பையனைப் பக்கத்து எல்.பி. ஸ்கூலில், அதாவது தொடக்கப்பள்ளியில், ஒன்றாம் வகுப்பு, மலையாள மீடியத்தில் சேர்த்தாயிற்று. கிளாஸ் டீச்சர் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, வகுப்பில் என்ன நடக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகப் பேசியிருக்கிறார். பாதி புரிந்ததாம், பாதி புரியவில்லையாம். "பையனோடு சேர்ந்து டயரி எழுதச் சொல்கிறார்கள் அக்கா. எனக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பக்கத்துத் தெரு டியூஷனில் காசு கொடுத்தால் எழுதியே கொடுத்துவிடுவார்களாம். விட்டுவிடட்டுமா?" என்கிறாள். கூடவே வாடகை, ரேஷன் கார்டு, தனக்கு ஒரு வேலை என்று இன்னும் பல கேள்விகள்.

அதையெல்லாம் முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். ரேஷன் கார்டைக் கையில் வைத்துக்கொள், முன்னுரிமைக் கார்டாக இருந்து ஆதாரோடும் இணைந்திருந்தால் இங்கேயும் அரிசி வாங்கலாம். வாடகைக்குச் சீட்டு எழுதி வாங்கு. வேலையைப் பையன் பள்ளிக்கூடத்தில் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டயரியை மட்டும் டியூஷனில் விட்டுவிடாதே. என் பதில் முழுக்க அதுதான்.

அந்த டீச்சர் சொன்னது என்ன என்று முதலில் சொல்கிறேன். கேரளாவில் சில வருடங்களாக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சம்யுக்த டயரி, அதாவது கூட்டு டயரி, என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிள்ளை சொல்ல வேண்டும். அதை நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தையும் சொல்லையும் பிள்ளை பென்சிலில் எழுதும், தெரியாததை அம்மாவோ அப்பாவோ பேனாவில் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு படம். ஆரம்பத்தில் பக்கம் முழுக்கப் பேனாவாகத்தான் இருக்கும். போகப் போகப் பென்சில் கூடி, பேனா குறையும். வருடக் கடைசியில் பிள்ளை தானாகவே நாலு வரி எழுதிவிடும். இது கையெழுத்துப் பயிற்சி இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள். பிள்ளை வீட்டில் வாயைத் திறந்து பேச வேண்டும், பேசியது எழுத்தாக மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

டியூஷனில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? போர்டில் நாலு வரி எழுதிப் போடுவார்கள். பத்துப் பிள்ளைகளும் அதே நாலு வரியைப் பார்த்து எழுதும். பத்து வீட்டிலும் அன்றைக்கு ஒரே பூனை, ஒரே மழை. டீச்சர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், பாவம், ஒன்றும் சொல்ல மாட்டார். இதற்குப் போய்க் காசு கொடுக்கிற நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். அம்மா பக்கத்தில் உட்கார வேண்டிய நேரத்தை விலைக்கு வாங்க முடியும் என்று நினைக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

மலையாளம் தெரியாதே என்றால், உன் பங்கைத் தமிழில் எழுது. எங்கள் வீட்டில் கொழுந்தனார் பெண் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுடைய அம்மா வேலைக்குப் போய்விடுவாள், டயரி என் பொறுப்பு. எனக்கு மலையாளம் எழுதத் தெரியும், ஆனாலும் அவளிடம் பேசுவது தமிழில்தானே, அதனால் தமிழ் வரியையும் விடவில்லை. ஒரு நாள் தெரு நாய் எங்கள் ஆட்டுக்கல் சந்தில் குட்டி போட்டிருந்தது. அவள் நாலு குட்டியையும் வரிசையாக வரைந்து, ஒன்றுக்கு மட்டும் கறுப்பு அடித்தாள். பென்சிலில் மலையாளத்தில் 'அம்ம' என்றும், தன் பெயரையும் எழுதினாள். மீதியை நான் பேனாவில் எழுதினேன், மேலே மலையாளம், கீழே தமிழ். மறுநாள் வகுப்பில் டீச்சர் அவளை எழுப்பிப் படிக்கச் சொல்ல, இவள் தமிழ் வரியையும் சேர்த்து ஒப்பித்திருக்கிறாள். டீச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. 'கறுத்த குட்டி எவிடெ?', கறுப்புக் குட்டி எங்கே, என்று கேட்டு, பிள்ளைகளெல்லாம் அந்தக் குட்டியைப் பற்றியே அரை மணி பேசினார்களாம். மாலையில் அந்த டீச்சரே என்னிடம் சொன்னார். இந்தப் பக்கத்து டீச்சர்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் புதிதல்ல. அவர்களிடம் நேராகப் போய், "டீச்சர், எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது, தமிழில் எழுதட்டுமா?" என்று கேள். நான் கேட்டுப் பார்த்தவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

அடுத்தது, வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற முறை. இதில்தான் நம் ஆட்கள் பதறிப்போகிறார்கள். நாமெல்லாம் அ, ஆ என்று சிலேட்டில் எழுதி எழுதிப் படித்தவர்கள். இங்கே ஒன்றாம் வகுப்பில் அந்த வரிசையில் ஆரம்பிக்க மாட்டார்கள். ஒரு கதை, ஒரு பாட்டு, அதிலிருந்து ஒரு வாக்கியம், வாக்கியத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து எழுத்து என்று இறங்கி வருவார்கள். ஜூலை மாதம் பையனிடம் எழுத்து வரிசையைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பான். உடனே 'கேரளாவில் விளையாடத்தான் விடுகிறார்கள், படிப்பே சொல்லித் தருவதில்லை' என்று ஊருக்குப் போன் போட்டுப் புலம்புகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் பேச்சைக் கேட்காதே. வீட்டில் ஸ்கேலை வைத்துக்கொண்டு எழுத்தை மனப்பாடம் செய்ய வைக்காதே. கிறிஸ்துமஸ் பரீட்சை வரை பொறு, பிள்ளை கடைப் பலகையைப் படிக்க ஆரம்பிக்கும். பரீட்சை ஓணத்துக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, மார்ச்சில் ஒன்று. இந்த வகுப்பில் ரேங்க் எல்லாம் கிடையாது, கிரேடுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், வீடு பார்க்கும்போது உதவும். நம் ஊரில் தொடக்கப்பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரை. இங்கே எல்.பி. என்றால் நாலாம் வகுப்போடு முடிந்தது. ஐந்திலிருந்து ஏழு வரை யு.பி. அதற்குள் நீ வாடகை வீடு மாறுவதாக இருந்தால், யு.பி. ஸ்கூல் எங்கே இருக்கிறது என்று பார்த்து மாறு. தமிழ் மீடியம் வேண்டும் என்று தோன்றினால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிடைக்கும். எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழிலேயே எழுதலாம், கேரள அரசே தமிழில் பாடப்புத்தகம் போடுகிறது. கேரளப் பள்ளிகளில் மலையாளம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. மலையாள மீடியத்தில் சேர்த்ததில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கடன் வாங்கிப் பெரிய இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டு, பிள்ளைக்குத் தமிழும் வராமல், மலையாளமும் வராமல், ஃபீஸ் கட்ட முடியாமல் நாலாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்களே, அந்த வேலை மட்டும் வேண்டாம்.

சாப்பாடு. நம் ஊரில் இப்போது காலையிலேயே பள்ளிக்கூடத்தில் உப்புமா, பொங்கல் என்று போடுகிறார்கள், தினமும் முட்டை. இங்கே மதியச் சாப்பாடு உண்டு, முட்டை வாரத்துக்கு ஒரு நாள், பால் இரண்டு நாள். காலை டிபன் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. வெறும் வயிற்றோடு அனுப்பிவிடாதே.

லீவைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. கஞ்சிக்கோட்டில் பஸ் ஏறினால் வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர், அங்கிருந்து உடுமலை. கிட்டத்தில் இருப்பதே வினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, திங்கள்கிழமை மதியம் வந்து சேருகிற குடும்பங்கள் எங்கள் லைன் வீட்டிலேயே இருந்தன. மாரியம்மன் நோம்பி, மாமன் வீட்டுச் சீர், காது குத்து என்று ஒன்று மாற்றி ஒன்று. பாலக்காட்டில் பொங்கலுக்கு ஒரு நாள் லீவு விடுவார்கள், நம் ஊர் மாதிரி தொடர்ச்சியாகக் கிடைக்காது. அதற்குப் பதில் ஓணத்துக்கு நீளமாக விடுவார்கள். ஊருக்குப் போவதை அந்த லீவுக்கு வைத்துக்கொள். ஒன்றாம் வகுப்பில் திங்கள்கிழமை தோறும் வராத பிள்ளை, கதை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து உட்காரும். அதற்கு ஒன்றும் புரியாது. அப்புறம் 'பையனுக்கு மலையாளம் ஏறவில்லை' என்று டீச்சர்மேல் பழி. ஜூன் முதல் தேதி, அது லீவு நாளாக இருந்தால் அடுத்த வேலை நாள், இங்கே பள்ளி திறந்துவிடும் என்பதையும் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். பலூனும் மிட்டாயுமாகப் பிரவேசனோத்சவம் நடத்திப் புதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வைக்கிற நாள் அது. அன்றைக்கு வராமல் ஊரில் இருந்துவிட்டு, இரண்டாவது வாரம் கூட்டிவந்து விட்டால் அழாமல் என்ன செய்யும்?

உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு நாங்கள் வந்த புதிதுதான் கண்ணில் நின்றது. தாராபுரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை. ஒற்றை அறை லைன் வீடு. பெரிய பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அந்த ஸ்கூலில் எதுவாக இருந்தாலும் மலையாளத்தில் ஒரு துண்டு நோட்டீஸ், பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். படிக்கத் தெரியாத வீடு ஒன்று இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. மளிகைக்கடைச் சேட்டன் சர்க்கரை நிறுத்துக்கொண்டே படித்துச் சொல்வார். அவர் கடை பூட்டியிருந்தால் நோட்டீஸ் பையிலேயே கிடக்கும். அப்படித்தான் ஒரு ஆகஸ்ட் 15 அன்று எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுப்பில் கொடியோடு நிற்க, என் பெண் மட்டும் பச்சைப் பூப்போட்ட கவுனில் வரிசைக் கடைசியில் நின்றாள். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கவுனின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலில் யாராவது வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமே. அந்த ஆத்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்த வாரமே அவளுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் எனக்கு டீச்சர். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டுவாள், நான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அவள் டீச்சர் குரலிலேயே திட்டுவாள். எனக்கு வந்ததோ இல்லையோ, அவளுக்குப் பாடம் நன்றாக வந்துவிட்டது. படித்ததை எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே! பிறகு கொழிஞ்சாம்பாறைக்கு வந்து தையல் கடை போட்டபோது பில் புத்தகம் மலையாளத்தில்தான் எழுதினேன். மதர் பி.டி.ஏ.வில், அதாவது பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் அம்மாக்கள் குழுவில், என்னைப் போட்டார்கள். நோட்டீஸ் வந்தால் தமிழ் வீடுகளுக்கு நானே வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்தேன். இப்போது எங்கள் பள்ளிக் குரூப்பில் டீச்சர்களே எழுதியதோடு குரலிலும் போடுகிறார்கள்.

நீயும் உன் டீச்சரிடம் அதைக் கேட்டு வாங்கு. இப்போது போனில் கேமராவைக் காட்டினால் மலையாளம் தமிழாகத் தெரிகிறது, அவசரத்துக்கு அது போதும். ஆனாலும் எழுத்தைக் கற்றுக்கொள். பையனையே சொல்லிக் கொடுக்கச் சொல்.

வீட்டில் பையனிடம் தமிழிலேயே பேசு. பிள்ளைக்குச் சீக்கிரம் வரட்டும் என்று அரைகுறை மலையாளத்தில் பேசுகிற அம்மாக்கள் உண்டு. அந்த மலையாளத்தைக் கேட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. மலையாளத்தை டீச்சரும் கூட்டாளிகளும் பார்த்துக்கொள்வார்கள். நீ உங்கள் ஊர்க் கதையைச் சொல், பாட்டி பாடிய பாட்டைப் பாடு. டயரியில் எழுத விஷயம் அங்கிருந்துதான் வரும். ஜூன் 19 இங்கே வாசிப்பு தினம், கேரளாவில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாகக் கொண்டாடுவார்கள். அந்த வாரம் வகுப்பு நூலகத்துக்குப் பெற்றோர் புத்தகம் கொடுப்பது வழக்கம். அடுத்த முறை ஊரிலிருந்து வரும்போது படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகம் இரண்டு வாங்கி வந்து கொடு. பையன் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும்.

ஓணப் பரீட்சை முடிந்ததும் கிளாஸ் பி.டி.ஏ. கூட்டம் வைப்பார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்காராதே. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாற்ற முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. நம் ஆண்பிள்ளைகள் இந்தக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. தமிழிலேயே பேசு, டீச்சருக்குப் புரியும். பையன் வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான், யாரோடு பேசுகிறான், எந்தப் பாட்டுக்கு வாய் திறக்கிறான் என்று கேள். டயரியையும் கையோடு எடுத்துப் போ.