கண்மாய் பெருகினால் குடோனுக்குள் தண்ணீர்

கே: மேலமடைப் பக்கம் சொந்த வீடு. தரைக்குக் கீழே ஒரு அறை, அதில் ஜவுளிச் சரக்கு வைத்திருக்கிறேன். ஐப்பசியில் மழை பிடித்து வண்டியூர் கண்மாய் பெருகினால், இரண்டு வாரத்தில் சுவரோரம் தண்ணீர் ஊறிக் கணுக்கால் வரை நிற்கிறது. மச்சினன் கூட்டிவந்த காண்ட்ராக்டர் உள்பக்கம் இரண்டு கோட்டிங் அடித்து 85,000 ரூபாய் வாங்கினார். பத்து வருஷம் கேரண்டி என்றார். அடுத்த மழைக்கே பூச்சு உப்பிப் பெயர்ந்துவிட்டது. கேட்டால், "சீட்டுல பேஸ்மென்ட் வேலைன்னுதான் சார் இருக்கு, தரையில ஊறுறதுக்கு நான் பொறுப்பில்ல" என்கிறார். இப்போது இன்னொருவர் 1,40,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

– பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

ப: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சீட்டிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் ஊர்க் கொத்தனாரிடம் பேஸ்மென்ட் என்று சொன்னால், அஸ்திவாரத்துக்கு மேலே வீட்டைத் தூக்கிக் கட்டுகிற அந்த இரண்டு மூன்று அடி மட்டத்தைத்தான் நினைப்பார், நீங்களோ கீழே இருக்கிற அறையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இனி எழுதும்போது 'தரைக்குக் கீழே உள்ள அறை, நான்கு சுவர், தரை, சுவரும் தரையும் சேரும் மூலை' என்று அளவோடு எழுதி வாங்குங்கள். மச்சினன் மனசு கோணுமே என்று பார்த்தால் சரக்குதான் நனையும்.

அப்புறம், இரண்டாவது ஆளிடம் எந்த கம்பெனி கெமிக்கல் என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் டப்பாவைக் காட்டுகிறவரை அப்படியே அனுப்பிவிடலாம். நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள்: கண்மாய் பெருகி இரண்டு வாரம் கழித்து வருகிறது என்றால் பெரும்பாலும் நிலத்தடி நீர் ஏறி வருகிறது. மழை பெய்து ஒரு மணி நேரத்தில் வந்தால் மாடித் தண்ணீர்க் குழாயையும் வாசல் சரிவையும் பார்க்கவேண்டும், சித்திரை வெயிலிலும் நின்றால் ஏதோ குழாய் உடைந்திருக்கிறது. இந்த மழைக்குச் சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அன்றைக்கே கிணறோ போரோ இருந்தால் அதன் மட்டத்தையும் குறியுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

உள்பூச்சு ஏன் அப்பளம் மாதிரிப் பொங்கியது தெரியுமா? சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு டன் கணக்கில் தள்ளும். பெயின்ட் மாதிரி ஒட்டியிருக்கிற சமாச்சாரம் அதைத் தாங்காது. வெளிப்பக்கம் தோண்டி அடிப்பதுதான் உத்தமம், ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் அது நடக்காது. உள்ளிருந்தே செய்வதென்றால், தரையும் சுவரும் சேரும் மூலையை வெட்டி அடைத்து, கசிகிற இடங்களில் துளை போட்டு நாசில் என்கிற சின்னக் குழாய் முனையைச் சொருகி, தண்ணீர் பட்டால் நுரைத்து விரிகிற பி.யூ. (பாலியூரித்தேன்) கெமிக்கலை அழுத்தத்தில் ஏற்றவேண்டும். எத்தனை துளை, எந்தெந்தச் சுவரில் என்று நேரில் பார்த்துச் சொல்லாமல் 1,40,000 என்று போனிலேயே சொன்னார் என்றால் அது குத்துமதிப்புதான்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. சுவரோரம் சின்ன வாய்க்கால் எடுத்து மூலையில் ஒரு குழி, அதில் தானாக ஓடுகிற மோட்டார். பார்க்க அழகில்லை, கரண்ட் போனால் தலைவலி, ஆனால் சரக்கு நனையாது. மோட்டார் இறைக்கிற தண்ணீர் மண்ணோடு கலங்கி வந்தால் மட்டும் உடனே நிறுத்தி ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அஸ்திவாரத்து மண் கரைந்து வருகிறதோ என்று பார்க்கவேண்டும்.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். சாமான் வந்து இறங்கியதும் கொஞ்சம், வேலை பாதியில் கொஞ்சம், ஐந்தில் ஒரு பங்கை அடுத்த கார்த்திகை கழிந்து தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பத்து வருஷம் கேரண்டி தருகிறவர் ஒரு மழைக்குக் காத்திருக்க ஏன் யோசிக்கவேண்டும்?

பழைய ஆளை விடவேண்டாம். சீட்டு, ஜிபே ரசீது, பூச்சு உப்பிய போட்டோ எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம், ஆன்லைனிலும் முடியும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ஆனால் பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள் போகவேண்டும், அதனால் 'பார்த்துக்கலாம் சார்' என்று அவர் இழுக்கிற இழுப்புக்கு நீங்களும் சேர்ந்து இழுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

கே: எங்கள் கீழறையில் தண்ணீர் ஓடவில்லை, சுவர் ஈரமாக மட்டும் இருக்கிறது. ஓதம் என்று சொல்லி 40,000 கேட்கிறார்கள்.

– வாசகி, திருமங்கலம்

ப: இரண்டடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவரிலிருந்து வருகிறது, ஆளைக் கூப்பிடலாம். வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றிலிருக்கிற ஈரம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிப் பாருங்கள்.