ரேடியோஹெட் மனதில் ஒட்டவில்லையா? வேறு வாசலால் நுழையுங்கள்

இங்கிலாந்து ரொக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ தொகுப்பை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு, அவர்களின் 2007இல் வந்த ‘இன் ரெயின்போஸ்’ தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ‘கிட் ஏ’யை நிலாவெளி பஸ்ஸில் தொலைபேசியில் மூன்று முறை கேட்டும் ஒன்றுமே தோன்றவில்லை, என் காதில்தான் கோளாறோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை.

விமர்சகர்கள் கொண்டாடுவதாலேயே பலர் முதலில் ‘கிட் ஏ’யை எடுக்கிறார்கள். 2000இல் வந்த அந்தத் தொகுப்பில் கிற்றார் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறது. மின்னணு ஒலிகளே முன்னுக்கு நிற்கின்றன. சில இடங்களில் பாடகர் தொம் யோர்க்கின் குரலே சிதைக்கப்பட்டிருக்கிறது. ரொக் இசையை எதிர்பார்த்துப் போகிறவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கி. ‘கிட் ஏ’யின் மூன்றாவது பாட்டு, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் ஒரே பேஸ் கிற்றார் இசைவரியைச் சுற்றிச் சுற்றியே எழுகிறது. பஸ் இரைச்சலில், அதுவும் ஓட்டுநர் போடும் பாட்டுக்கு நடுவே, அந்த வரி காதை எட்டவே எட்டாது. ஒரு மாலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஆளில்லாத பக்கமாக உட்கார்ந்து, ஹெட்போனில் அந்த ஒரு பாட்டை மட்டும் கேளுங்கள். பிற்பாதியில் ஊதுகருவிகள் கூட்டமாகப் பாய்ந்து வரும் இடத்தில் உடம்பு அசைகிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் இன்றும் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் யோர்க்கின் இழுவைக் குரலே பிடிக்கவில்லை என்றால் எந்த வரிசையில் கேட்டாலும் பலன் குறைவு. அப்படியானால் வற்புறுத்திக் கேட்காதீர்கள்.