பாட்டு ஒன்று சொல்லும், வீடியோ வேறொன்று காட்டும்: ராப் வீடியோக்கள் பற்றிக் கேள்வி பதில்

இசை வீடியோக்களை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. ராப் வீடியோ பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலும் அமெரிக்க ராப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதிலும் அங்கேயே சுற்றும்.

கேள்வி: அண்ணா, வரியில் மழை என்றால் மழையைக் காட்டுவது, கார் என்றால் காரைக் காட்டுவது, இதைத் தாண்டி ராப் வீடியோவில் பெரிதாக என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் அப்படிக் காட்டினால் பார்க்கவே முடியாது. ராப்பில் ஒரு வர்ஸ் (நம் சரணம் மாதிரி) என்றால் வழக்கமாகப் பதினாறு பார், அதாவது நாலு தட்டு கொண்ட தாளக் கட்டம் பதினாறு. மூன்று வர்ஸ் முடிவதற்குள் சர்வ சாதாரணமாக ஐநூறு சொல் ஓடிவிடும். சொல்லுக்கு ஒரு ஷாட் வைத்தால் கண்ணும் காதும் ஒரே செய்தியை இரண்டு தடவை வாங்கி அலுத்துப்போகும். அதனால் விவரம் தெரிந்த இயக்குநர் பாட்டைக் கையில் வாங்கியதும் தேடுவது, வரி எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதைத்தான்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1982-இல் வந்த 'த மெசேஜ்' வீடியோவைப் பாருங்கள். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃபியூரியஸ் ஃபைவும் நியூயார்க்கின் ஏழைத் தெருக்களைப் பற்றிச் சொல்கிறார்கள், அந்த மாதிரித் தெருவிலேயே நின்று சொல்கிறார்கள். பாட்டின் கடைசியில் வரும் கைது வீடியோவிலும் அப்படியே நடக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவை டிவியில் பார்ப்பதே அபூர்வம் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. உபரியாக ஒரு தகவல்: அதில் குழுவில் இல்லாத டியூக் பூட்டி என்பவர் ராப் செய்த பகுதிக்கு வாயசைத்தவர் குழுவில் இருந்த ராஹிம். பின்னணிக் குரலுக்கு வாயசைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

கேள்வி: 'திஸ் இஸ் அமெரிக்கா' பற்றி ஆயிரம் விளக்க வீடியோக்கள் இருக்கின்றன. குதிரை அது, துணி இது என்று. எனக்குக் குழப்பம்தான் மிச்சம். எதைப் பார்க்க வேண்டும்? (கிட்டத்தட்ட இதையே இன்னும் பலர் கேட்டிருக்கிறீர்கள்.)

குறியீட்டு வேட்டையை முதலில் நிறுத்துங்கள். வெறும் எடிட்டராக, கேமராவாகப் பாருங்கள்.

2018 மே மாதம் வந்தது. சைல்டிஷ் காம்பினோ என்ற பெயரில் பாடியவர் டொனால்ட் குளோவர், இயக்கியவர் ஹிரோ முராய். ஒரு பெரிய காலி கிடங்கு. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார். பாட்டு இதமாகப் போகிறது. சட்டை போடாத குளோவர் நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டே அவர் பின்னால் வருகிறார். இப்போது அந்த கிட்டார்க்காரர் தலையில் துணி மூடியிருக்கிறது. குளோவர் துப்பாக்கியை எடுத்து அவர் தலையில் சுடுகிறார். இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். அந்த வெடிச் சத்தத்தோடுதான் பீட் மாறுகிறது, கனமான பேஸ் ஒலி இறங்குகிறது, இது அமெரிக்கா என்ற வரி வருகிறது. வேறொரு பாட்டில் ஒரு டிரம் அடி செய்ய வேண்டிய வேலையை இங்கே துப்பாக்கி செய்கிறது.

அடுத்த சில நொடிகளைத்தான் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பையன் சிவப்புத் துணியை ஏந்திக்கொண்டு ஓடி வந்து துப்பாக்கியைப் பத்திரமாக வாங்கிக்கொள்கிறான். சுடப்பட்டவரின் உடலைத் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள். ஆயுதத்துக்கு மரியாதை, பிணத்துக்கு இல்லை. வரியில் இது எங்கேயும் கிடையாது.

அப்புறம் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் வந்து அவரோடு சேர்ந்து ஆடுகிறார்கள். நடனம் அமைத்தவர் ஷெர்ரி சில்வர். தென்னாப்பிரிக்காவின் 'குவாரா குவாரா' உட்பட அந்த நேரத்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த அசைவுகள். ஆட்டம் முன்னால் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் ஆட்கள் ஓடுகிறார்கள், கார் எரிகிறது, வெள்ளைக் குதிரையில் ஒருவர் போகிறார். கேமரா அதில் எதையும் நின்று காட்டுவதில்லை. ஆடுபவரை விட்டு விலகாமல் நீளமான ஷாட்களாகப் போகிறது. நாமும் ஆட்டத்தைத்தான் பார்க்கிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் பின்னால் நடந்தது தெரிகிறது. இந்த வீடியோவின் முழுச் சூத்திரமும் இதுதான் என்பது என் கட்சி: நம்மைக் குற்றவாளி ஆக்குவது வரி இல்லை, ஃபோகஸ்.

ஒரே இடத்தில் மட்டும் கேமரா வரியோடு கைகோக்கிறது. செல்போனைப் பற்றிய வரி வரும்போது மேலே ஏறி, முகத்தை மூடிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து கீழே நடப்பதைப் படம் பிடிக்கிற பையன்களைக் காட்டுகிறது. நடுவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை அவர் சுட்டுத் தள்ளுவது 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் நடந்த படுகொலையை நினைவூட்டுகிறது என்று பலரும் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கேயும் துப்பாக்கிக்குச் சிவப்புத் துணி வருகிறது.

இந்தப் பாட்டை முதலில் ஆடியோவாக மட்டும் கேட்டுப் பாருங்கள். நல்ல பாட்டு, அவ்வளவுதான். 2019 கிராமியில் 'ரெக்கார்ட் ஆஃப் த இயர்' விருதையும் 'சாங் ஆஃப் த இயர்' விருதையும் வாங்கிய முதல் ராப் பாட்டு இது. வீடியோ இல்லாமல் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: வரியை அப்படியே காட்டக் கூடாது என்கிறீர்கள். எமினெமின் 'ஸ்டான்' வரிக்கு வரி அப்படியேதானே காட்டுகிறது? அது நன்றாக இல்லையா?

நல்ல மடக்கு. 'ஸ்டான்' (2000) கடித வடிவக் கதை. ரசிகன் எழுதும் இரண்டு கடிதம், காரை ஓட்டிக்கொண்டே டேப்பில் பேசுவது ஒரு வர்ஸ், கடைசியில் எமினெமின் பதில். மழை, இடி, பென்சில் கீறும் சத்தம் எல்லாம் ஆடியோவிலேயே உண்டு. பாட்டே பாதிப் படம். அதனால் டாக்டர் டிரேவும் ஃபிலிப் ஆட்வெல்லும் கதையைக் கலைக்காமல் எடுத்தது சரியான முடிவு.

ஆனால் அங்கேயும் ஒரு திருட்டு வேலை நடந்திருக்கிறது. ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, பாடகி டைடோவின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. வெறுமனே கேட்கும்போது அது ஸ்டானின் மனக்குரல் போல இருக்கும், சுவரில் மாட்டிய படத்தைப் பற்றிய வரியும் அவனுடையதாகவே தோன்றும். வீடியோவில் டைடோவையே ஸ்டானின் கர்ப்பிணிக் காதலியாக நடிக்க வைத்துவிட்டார்கள். உடனே வரி கைமாறிவிட்டது. சுவர் முழுக்க எமினெம் படங்கள் இருக்கும் வீட்டில் ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பாடுகிறாள். அவன் கண்ணில் அவள் இல்லை. ஒரு சொல்லையும் மாற்றாமல் பாட்டின் சொந்தக்காரரை மாற்றிய வேலை இது. நடிகர் தேர்வே அங்கே விளக்கவுரை.

கேள்வி: ஜே-ஸியின் '99 ப்ராப்ளம்ஸ்' பாட்டில் அவர் சாவதில்லை. வீடியோவில் சுட்டுக் கொல்லப்படுகிறார். கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' நம்பிக்கைப் பாட்டு, அதிலும் சுடுகிறார்கள். ஏன் இந்த ராப்பர்கள் தங்களையே கொன்றுகொள்கிறார்கள்?

இரண்டுக்கும் காரணம் வேறு. '99 ப்ராப்ளம்ஸ்' வந்த 'த பிளாக் ஆல்பம்' (2003) ஜே-ஸி ஓய்வு பெறப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு வெளியிட்டது. இயக்குநர் மார்க் ரோமனெக் நியூயார்க்கின் புரூக்ளினைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, கடைசியில் அவரைத் தெருவிலேயே சாய்த்தார். ஜே-ஸி என்ற பாத்திரம் முடிந்தது என்று அர்த்தம். எம்டிவி அதை முன்விளக்கம் கொடுத்துத்தான் ஒளிபரப்பியது. ஓய்வு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், நம் அரசியல்வாதிகளின் ஓய்வு மாதிரிதான்.

'ஆல்ரைட்' (2015) எனக்கு இன்னும் பிடிக்கும். நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஹூக் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இயக்குநர் காலின் டில்லியும் லமாரின் அணியும் சேர்ந்து எடுத்த வீடியோ அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கிறது. தொடக்கத்தில் நாலு பேர் காரில் உட்கார்ந்து கும்மாளமாகப் பாடுகிறார்கள். கேமரா பின்வாங்கும்போதுதான் தெரியும், காருக்குச் சக்கரம் ஓடவில்லை, நாலு போலீஸ்காரர்கள் அதைத் தோளில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். பல்லக்கு! பிறகு லமார் ஊருக்கு மேலே மிதக்கிறார், விளக்குக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறார். கீழே ஒரு போலீஸ்காரர் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் சுடுகிறார். வெறும் விரல்தான். லமார் விழுகிறார். தரையில் கிடந்தபடி கண்ணைத் திறந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் ஹூக்கை நம்பத் தோன்றுகிறது. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் போலீஸை எதிர்த்து நின்ற கூட்டம் இந்த ஹூக்கையே கோஷமாகப் போட்டது.

கேள்வி: தங்கச் சங்கிலி, ஆடம்பர கார், நோட்டுக் கட்டு. இதற்கும் ஏதாவது ஆழமான அர்த்தம் சொல்வீர்களா?

பல வீடியோக்களில் கிடையாது. விளம்பரம்தான்.

ஆனால் 90-களின் பளபளப்பை மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். ஹைப் வில்லியம்ஸ் இயக்கிய மிஸி எலியட்டின் 'த ரெய்ன்' (1997) பாருங்கள். உருவத்தை உப்பலாக வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் வைத்து, காற்றடைத்த பெரிய கறுப்பு உடையில் அவரை நிறுத்தினார். குப்பைப் பை போல இருக்கும். உடை வடிவமைத்த ஜூன் ஆம்ப்ரோஸ் சொன்ன கதைப்படி அதற்குக் காற்றடித்தது ஒரு பெட்ரோல் பங்க்கில். பெண்களை ஒல்லியாகவும் அரைகுறை உடையிலும் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருத்தி பலூன் மாதிரி ஊதி நின்று அலட்டாமல் ராப் செய்கிறாள். வரிகளில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தெனாவெட்டு உண்டு. அந்தத் தெனாவெட்டுக்கு உருவம் கொடுத்தது உடை.

கேள்வி: ஸ்லோ மோஷனில் நடக்கிறார்கள், ஆனால் வாய் மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டுகிறதே, எப்படி?

பாட்டை ஸ்பாட்டில் வேகமாக ஓட விடுவார்கள். கேமராவை நொடிக்கு 48 ஃபிரேமில் வைத்தால் பாட்டு இரண்டு மடங்கு வேகம். திரையில் 24-இல் ஓடும்போது வாய் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் மிதக்கும். சினிமா பாட்டுக்கு இது சுலபம். ராப்பை இரண்டு மடங்கு வேகத்தில் சொல்ல நாக்கு வேண்டுமே! அதனால் ராப்புக்கு 36 ஃபிரேம், ஒன்றரை மடங்கு என்று இறங்கி வருவது நல்லது.

இதில் உச்சம் 'த ஃபார்சைட்' குழுவின் 'டிராப்'. ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கியது. மொழியியல் நிபுணர் ஒருவரின் உதவியோடு பாட்டின் ஒலிகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்து, பின்னோக்கி நடந்தபடி வாயசைத்தார்கள். படத்தைத் திருப்பி ஓட்டியபோது வாய் சரியாக இருக்கிறது, நடையும் துணியும் மட்டும் ஏதோ வேறு கிரகம் மாதிரி இருக்கின்றன.

கேள்வி: எம்.ஐ.ஏ. நம் ஈழத்துப் பெண். 'பார்ன் ஃப்ரீ' வீடியோவில் ஏன் சம்பந்தமே இல்லாமல் சிவப்பு முடிக்காரர்களைக் கொல்கிறார்கள்?

சம்பந்தம் இருக்கிறது. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மறுபடி அகதியாக லண்டன் போனவர். 2010-இல் ரோமன் காவ்ராஸ் இயக்கிய இந்த ஒன்பது நிமிஷ வீடியோவில் அமெரிக்கச் சிப்பாய்கள் சிவப்பு முடி உள்ளவர்களை வீடு புகுந்து பிடித்துப் போய்க் கொல்கிறார்கள். பாட்டின் வரியில் படுகொலை பற்றி ஒன்றும் இல்லை, சுதந்திரமாகப் பிறந்தேன் என்பதுதான் பேச்சு. போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். நேரடியாக ஈழத்தைக் காட்டியிருந்தால் மேற்கத்தியப் பார்வையாளர் அது எங்கேயோ தூரத்துச் சண்டை என்று கடந்து போயிருப்பார். முடி நிறத்துக்காகத் தன் பக்கத்து வீட்டுப் பையனைக் கொன்றால் கடந்து போக முடியாது. யூடியூபில் அதற்குத் தடை வந்தது. கொஞ்சம் அடித்துச் சொல்லும் வீடியோதான், நுணுக்கம் குறைவு. அவரிடம் அப்போது நுணுக்கத்தை எதிர்பார்த்தால் அது நம் தப்பு.

கேள்வி: தமிழில் ஒன்று சொல்லுங்கள்.

'எஞ்சாயி எஞ்சாமி' (2021). ராப் பாடகர் அறிவு எழுதிய வரியில் வள்ளியம்மா என்ற பெயர் வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் பெயர் அது. வீடியோவில் அந்தப் பாட்டியே வந்து உட்காருகிறார். சில நேரம் வரியை அப்படியே காட்டுவதுதான் பெரிய காரியம்.

கேள்வி: நானும் நண்பனும் ராப் எழுதுகிறோம். ஒரு போன் கேமராதான் இருக்கிறது, பணம் இல்லை. எப்படி எடுப்பது?

ஜாய்னர் லூகாஸின் 'ஐம் நாட் ரேசிஸ்ட்' (2017) பாருங்கள். ஒரு அறை, ஒரு மேஜை, இரண்டு நடிகர்கள். டிரம்ப் ஆதரவாளர்களின் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒரு வர்ஸ் முழுக்கத் திட்டுகிறார், எதிரே இருக்கும் கறுப்பு இளைஞர் அடுத்த வர்ஸில் பதில் சொல்கிறார். இரண்டு குரலும் லூகாஸுடையது, ஆனால் அவர் திரையில் வருவதே இல்லை. பேசுபவரைவிடக் கேட்பவரின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: வரிகளைத் தாளில் எழுதி, காட்டியே ஆக வேண்டியவை என்று தோன்றும் வரிகளை அடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் இடங்களுக்குப் படம் யோசியுங்கள். ராப் செய்பவர் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டும் ஷாட்டைக் குறையுங்கள், அது எல்லோரிடமும் இருக்கிறது. வாயசைப்பை முழுப் பாட்டுக்கும் ஒரே டேக்கில் இரண்டு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டில் எங்கே மாட்டிக்கொண்டாலும் அது காப்பாற்றும். ஸ்பீக்கரைச் சத்தமாக வையுங்கள். முணுமுணுத்து வாயசைத்தால் கழுத்து நரம்பு அசையாது, பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.