ஜியோலைட் வெறும் பாத்திரமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை வேதியியல் படிக்கிறேன். ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் சோடியம் வகையில் ஏற்றிய நாப்தலீன் பெரும்பாலும் ஃப்ளூரசன்ஸ் (விளக்கை அணைத்ததும் நின்றுவிடும் ஒளிர்வு) காட்டுகிறது, தாலியம் வகையில் பாஸ்பரசன்ஸ் (அணைத்த பின்னும் சற்று நீடிக்கும் ஒளிர்வு). அப்படியானால் ஒளிர்வது தாலியம்தானே? ஜியோலைட் வெறும் பாத்திரம் என்கிறார் சீனியர். இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

வீட்டுக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் அடுத்து சம்பளம் எவ்வளவு என்பார்கள். விடுங்கள்.

ஒளிர்வது நாப்தலீன்தான், நம் பீரோவில் கிடக்கும் அந்துருண்டைச் சரக்கு. பாஸ்பரசன்ஸ் பிறப்பது ட்ரிப்லெட் என்ற கிளர்ச்சி நிலையிலிருந்து; அந்த நிலைக்குப் போகவும் அங்கிருந்து இறங்கவும் எலக்ட்ரானின் தற்சுழற்சி மாற வேண்டும். அதனால் அந்தப் பாதைக்குத் தடை. அணு எண் 81 உள்ள கனமான தாலியம் ஒட்டி நின்றால் தடை தளர்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் அந்த சீனியரை என்னிடம் அனுப்புங்கள். பாத்திரமாம்! ஃபாஜசைட் என்ற ஜியோலைட்டின் கூண்டு சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்) அகலம், வாசல் ஏழு சொச்சம். சிலிக்கானின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்ததால் சட்டகத்துக்கு எதிர்மின்சுமை. அதை ஈடுகட்டத்தான் சோடியம் அங்கே குடியிருக்கிறது. வேறு உலோகத்தின் உப்புக் கரைசலில் போட்டுக் கலக்கினால் சோடியம் வெளியே, சீசியமோ தாலியமோ உள்ளே. 1952இல் வேதியியலாளர் மைக்கேல் காஷா குளோரோநாப்தலீனையும் எத்தில் அயோடைடையும் கலந்தார். இரண்டுமே நிறமற்றவை, கலவை மஞ்சள். அயோடின் என்ற கனமான அணு பக்கத்தில் வந்த விளைவு. ஆனால் திரவத்தில் அயோடின் வரும், போகும். கூண்டுக்குள் நாப்தலீன் தாலியத்தை விட்டு எங்கே ஓடும்? நெருக்கிப் பிடிப்பது அந்தச் சுவர்! பெங்களூரிலிருந்து டூபான்ட் வேதி நிறுவனத்துக்குப் போன வேதியியலாளர் வி. ராமமூர்த்தியும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில், லேசில் பாஸ்பரசன்ஸ் காட்டாத பாலியீன்களையும் (இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ள மூலக்கூறுகள்) இப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் இணைப்பில் திரையில் எடுத்த வரைபடம் மட்டும் இருக்கிறது. ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தீர்களா? எங்கள் ஆசிரியர் நாப்தலீன் கரைசலைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, புற ஊதா விளக்கை அணைத்ததும் "எண்ணுங்கடா" என்பார். ஒன்று, இரண்டு, மூன்று... பச்சை மெல்ல மங்கும். எத்தில் அயோடைடு சேர்த்த குழாயிலோ, எண்ண வாய் திறப்பதற்குள் போய்விடும். தடை தளர்ந்தால் இறங்குவதும் சீக்கிரம் என்பதை அப்படித்தான் படித்தோம். உங்களுக்கு மென்பொருளே ஒளிர்வின் வாழ்நாளைக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறது, பாவம்.

அப்புறம், தாலியம் உப்பு கொடிய விஷம், தோல் வழியாகவும் ஏறும். முதலில் சீசியத்தில் செய்து பாருங்கள்.

அன்புடன்.