உவர் நீரில் மெம்பரேன் அடைப்பு – பதில்

வணக்கம். போர் தண்ணீர் ஈசி (நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், dS/m அலகில்) 4, தக்காளிக்குத் தினம் 10,000 லிட்டர் தேவை, மூன்றே மாதத்தில் ஆர்.ஓ. மெம்பரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) அடைத்துக்கொண்டது என்கிறீர்கள். காரணம் நீங்கள் வைத்திருக்கும் 85% மீட்பு, அதாவது உள்ளே போகும் நீரில் நல்ல நீராக எடுக்கும் பங்கு. அந்த அளவில், மெம்பரேன் ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் உப்பு கிட்டத்தட்ட ஏழு மடங்காகிறது. சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும்? 70%க்கு இறக்குங்கள், மூன்றேகால் மடங்கோடு நிற்கும்.

கடைசி மெம்பரேனின் வால்முனையில் (கழிவுநீர் வெளியேறும் பக்கம்) உள்ள வெள்ளைப் படிவைச் சுரண்டி, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட், 2% சிட்ரிக் அமிலத்தை ஒரு மணி நேரம் சுழலவிட்டால் கரையும். நுரைக்காவிட்டால் ஜிப்சமாகவோ சிலிக்காவாகவோ இருக்கலாம், அதற்கு அமிலம் பெரிதாக உதவாது.

இன்னொன்று: மொத்த நீரையும் சுத்திகரிக்கத் தேவையே இல்லை. தக்காளி ஈசி 1.5 நீரில் விளைச்சல் குறையாமல் வளரும். ஆர்.ஓ. நீர் (ஈசி 0.2) 6,600 லிட்டரோடு போர் தண்ணீர் 3,400 லிட்டர் கலந்தால் சரியாக அங்கே வரும். செடிக்கு வேண்டிய கால்சியம், மக்னீசியமும் கொஞ்சம் கிடைத்துவிடும். ஆனால் போரான் (மிகுந்தால் செடியைக் கெடுக்கும் தாது) அளவைத் தனியாகப் பரிசோதியுங்கள், அதில் கணிசமான பங்கு மெம்பரேனைத் தாண்டிவிடும்.

70% மீட்பில் அந்த 6,600 லிட்டரை எடுத்தால், கழிவுநீர் தினம் சுமார் 2,800 லிட்டர், ஈசி 13 இருக்கும். தயவுசெய்து அதை வயலிலோ போரிலோ விடாதீர்கள். தார்ப்பாய் விரித்த ஆவியாக்கத் தொட்டி கட்டுங்கள்.