கன்டெய்னர் பில்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் 'இமேஜ்' என்ற ஒரே பொட்டலமாகக் கட்டும் கருவி டாக்கர். அப்படிக் கட்டுவது பில்ட், ஓடும் பொட்டலம் கன்டெய்னர்.

தங்கச்சிமடம் வாசகர்: மீன் ஏலச் செயலியில் ஒரு வரியை மாற்றினாலும் பில்ட் முடிய இருபது நிமிடம் ஆகிறது. முன்பு கட்டியதைச் சேமித்து வைக்கும் கேஷ் ஏன் உதவவில்லை?

நீங்கள் அனுப்பிய டாக்கர்ஃபைலில் (இமேஜைக் கட்டும் கட்டளைகள் உள்ள கோப்பு) மொத்தக் கோப்புறையையும் காப்பி செய்த பிறகுதான் நூலகங்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் வருகிறது. ஒரு லேயர் (ஒரு கட்டளை உருவாக்கும் அடுக்கு) மாறினால் அதற்கு அடுத்தவை அனைத்தும் மறுபடி கட்டப்படும் என்பதால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் எல்லா நூலகங்களும் புதிதாக இறங்குகின்றன. நூலகப் பட்டியலான பேக்கேஜ் கோப்பையும் அவற்றின் துல்லியமான பதிப்புகள் உள்ள லாக் கோப்பையும் மட்டும் முதலில் காப்பி செய்து, லாக் கோப்பின்படி நிறுவும் என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டிவிட்டு, அதன் பின் நிரலைக் காப்பி செய்யுங்கள். காப்பி ஆகக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் கோப்பும் உங்களிடம் இல்லை. நண்டு, இறால் படங்கள் நிறைந்த கோப்புறை முழுவதும் ஒவ்வொரு முறையும் இமேஜுக்குள் போய்க் குடியேறுகிறது.

கீழக்கரை வாசகர்: பில்ட் ஆகிறது, சர்வரில் ஓடவில்லை. என்ன செய்வது?

பிழைச் செய்தி இல்லை, டாக்கர் பதிப்பு இல்லை, சர்வர் எது என்ற விவரமும் இல்லை. இப்படி எழுதினால் குறி சொல்பவரிடம்தான் போக வேண்டும். புது மேக் வாங்கியதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருப்பதால் ஊகித்துச் சொல்கிறேன்: அது ஆர்ம் வகைச் சில்லு, சர்வர் பெரும்பாலும் ஏஎம்டி64 என்ற வேறு வகையாக இருக்கும். லாகில் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று இருந்தால், பில்டின்போது பிளாட்ஃபார்ம் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று குறிப்பிடுங்கள். வேறு பிழை என்றால் அதை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்.

மண்டபம் வாசகர்: பைதான் இமேஜ் 1 ஜிபியைத் தாண்டுகிறது. அளவில் சிறிய லினக்ஸான ஆல்பைனுக்கு மாறலாமா?

அவசரப்பட வேண்டாம். ஆல்பைனில் ஜிலிப்சி என்ற வழக்கமான சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் இருப்பதால், அதற்கான வீல் (முன்பே கம்பைல் செய்த பொதி) கிடைக்காத நூலகங்களை நீங்களே கம்பைல் செய்ய நேரும். தேவையற்றவை நீக்கிய ஸ்லிம் இமேஜே பெரும்பாலோருக்குப் போதும். 2017 முதல் டாக்கரில் உள்ள மல்டி-ஸ்டேஜ் (பில்டைப் பல கட்டங்களாகப் பிரிக்கும்) முறையில் கம்பைலரை முதல் கட்டத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு ரன் வரியில் நிறுவியதை அடுத்த ரன் வரியில் அழிப்பதால் அளவு குறையாது. அது முந்தைய லேயரில் அப்படியே இருக்கும்.

பாம்பன் வாசகர்: விசைப்படகுகளின் ஐஸ், டீசல் கணக்குக்கான எங்கள் செயலியில் மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14 மாலை கூட்டம் பெருகியதால் இரண்டாவது சர்வரைச் சேர்த்தோம். அதன் பின் பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு படகுக்கே வேறு வேறு பாக்கி காட்டுகிறது. இரண்டிலும் இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்ற டேக்தான் (பெயர்ச்சீட்டு).

இந்த 'லேட்டஸ்ட்' பற்றி எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம்தான் வருகிறது. டேக் எதையும் கொடுக்காவிட்டால் டாக்கர் தானாக இட்டுக்கொள்ளும் பெயர் அது. புதியது என்பதற்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஏலக்கூடத்தில் வரும் பெட்டிக்கெல்லாம் 'இன்றைய மீன்' என்று ஒரே சீட்டை ஒட்டிவைத்தால் எது எந்தப் படகில் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? உங்கள் பழைய சர்வரில் ஏப்ரலில் இறக்கிய இமேஜ் கிடக்கிறது. அந்தப் பெயரில் ஒன்று கையில் இருப்பதால் டாக்கர் ரன் கட்டளை இமேஜ் கிடங்கான ரெஜிஸ்ட்ரியைக் கேட்பதே இல்லை. புதிய சர்வரோ தடைக்கால மாதங்களில் நீங்கள் மாற்றி எழுதிய பதிப்பை இறக்கிக்கொண்டது.

முதல் வேலை, பழைய சர்வரில் யாரும் பயன்படாத இமேஜ்களை அழிக்கும் புரூன் கட்டளையைத் தட்டுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் இமேஜின் ஐடியைப் பார்த்து, அதற்குத் தனி டேக் இட்டு ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பிச் செல்ல உங்களிடம் இருக்கும் வழி அது ஒன்றுதான். இனி ஒவ்வொரு பில்டுக்கும் கிட் கமிட் (நிரல் மாற்றத்தின் பதிவு) அடையாளத்தின் முதல் சில எழுத்துகளையே டேக்காக இடுங்கள். ஒருமுறை இட்டதை வேறு பில்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். டிப்ளாய் கோப்பில் அந்த டேக்கையோ, இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளமான டைஜெஸ்டையோ எழுதுங்கள். சோதனைக்கு ஒரு பில்ட், சர்வருக்கு ஒரு பில்ட் என்று இரண்டு முறை கட்டுவதையும் நிறுத்துங்கள். ஒருமுறை கட்டிய இமேஜே எல்லா இடத்துக்கும் போக வேண்டும்; இடத்துக்கு இடம் மாறுபவை சூழல் மாறிகளில் இருக்கட்டும். டாக்கர்ஃபைலின் முதல் வரியிலும் அடித்தளமாக எடுக்கும் பேஸ் இமேஜின் பதிப்பு எண்ணை எழுதுங்கள். தங்கச்சிமடம் வாசகரே, இது உங்களுக்கும்தான்.

தேவிபட்டினம் வாசகர்: தரவுத்தளக் கடவுச்சொல்லை பில்டுக்கு மதிப்பு கொடுக்கும் ஆர்க் வழியாகக் கொடுத்துவிட்டு, கடைசி வரியில் அதை எழுதிய கோப்பை அழித்துவிட்டேன். பாதுகாப்புதானே?

இல்லை. இமேஜைக் கட்டிய கட்டளைகளைக் காட்டும் டாக்கர் ஹிஸ்டரியைப் பார்ப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். அழித்த கோப்பும், மண்டபம் வாசகருக்குச் சொன்னபடி, முந்தைய லேயரில் இருக்கிறது. கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிட்டுப் பிறகு டாக்கரின் பில்ட் கருவியான பில்ட்கிட்டில், கடவுச்சொல்லை இமேஜில் பதியாமல் கொடுக்கும் சீக்ரெட் மவுண்ட்டைப் பற்றிப் படியுங்கள்.

தொண்டி வாசகர்: அலுவலகத்தில் எல்லோரும் பில்ட் செய்யும்போது பொது ரெஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப் 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்கிறது.

லாகின் செய்யாமல் இறக்குவோருக்கு ஓர் ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் நூறு முறைதான். நீங்கள் அனைவரும் ஒரே ஐபியில் இருக்கிறீர்கள். லாகின் செய்யுங்கள்.

சாயல்குடி வாசகர்: 1 ஜிபி நினைவகம் உள்ள சர்வரிலேயே பில்ட் செய்கிறேன், 137 என்ற எண்ணுடன் நின்றுவிடுகிறது.

நினைவகம் போதவில்லை. பில்டை வேறு கணினியில் செய்து, இமேஜை மட்டும் சர்வரில் இறக்குங்கள், கமிட் டேக்குடன்.