வண்டி யார் பெயரில் இருக்கிறது, தம்பி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். போன டிசம்பரில் கோவை ஷோரூம் ஒன்றில் ஒன்பது லட்ச ரூபாய்க்குப் புது கார் எடுத்தோம். சில்வர் கலர். வருஷக் கடைசி என்று 40,000 ரூபாய் தள்ளுபடி கொடுத்தார்கள். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. சம்பளச் சான்று இருப்பதால் லோன் அவள் பெயரில், வண்டியும் அவள் பெயரில். தை பிறக்கட்டும் என்று சொன்னாள், நான்தான் அவசரப்பட்டேன். சென்ற மாதம் பம்பரில் விழுந்த கீறலுக்காகப் பெயின்டரிடம் விட்டபோது, “இடது பின்கதவை எங்க இடிச்சீங்க? முழுசா பெயின்ட் அடிச்சிருக்கே” என்றார். நாங்கள் எங்கும் இடிக்கவே இல்லை. என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். ஷோரூமில் முதலில் மறுத்தார்கள். இப்போது சீட் கவரும் இரண்டு சர்வீஸும் இலவசமாகத் தருகிறோம், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவாள். வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமா, கேஸ் போடலாமா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

ஷோரூம்காரர் செய்தது தப்பா என்றால், தப்புதான். அதைச் சொல்ல நான் எதற்கு? உங்கள் பெயின்டரே போதும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. சீட் கவருக்கும் கேஸுக்கும் நடுவில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே: ‘மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.’

தம்பி, லோன் யார் பெயரில்? மாதம் பிறந்தால் தவணை யார் சம்பளத்திலிருந்து போகிறது? ஆர்.சி.யில் யார் பெயர்? எல்லாவற்றுக்கும் நீங்களே பதில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘என்னை ஏமாற்றிவிட்டார்கள்’ என்கிறீர்கள். ஏமாற்றப்பட்டது உங்கள் மனைவி. கதவுக்குப் பெயின்ட் அடித்ததை ஷோரூம்காரர் அவரிடம் மறைத்தார். தெரிந்த பிறகு நீங்கள் ஒரு மாதமாக மறைக்கிறீர்கள். ஷோரூம்காரருக்கு அவர் யாரோ. உங்களுக்கு?

அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று யோசித்தீர்களா? வாங்கியவர் அவர், உங்கள் கையெழுத்து அங்கே செல்லாது. அவர் கையெழுத்தை நீங்களே போடப் போகிறீர்களா? இல்லை, காலையில் அவர் பஸ்ஸுக்கு ஓடும்போது ‘சர்வீஸ் பேப்பர்தான், இங்க போடு’ என்று நீட்டுவதாக உத்தேசமா? இரண்டுக்கும் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

‘மனசு கஷ்டப்படுவாள்’ என்பதை இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் எத்தனையோ தடவை படித்துவிட்டேன். சீட்டுப் பணத்தை விட்டவர், நகையை அடகு வைத்தவர், நண்பனுக்கு ஜாமீன் போட்டவர் எல்லாரும் இதையேதான் எழுதுகிறார்கள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அவர் கேட்டுவிடுவார் என்ற பயம்தான் அது. கேட்கட்டுமே! தை பிறக்கட்டும் என்று நிஜமாகவே சொன்னார்தானே? மார்கழியில் வண்டி எடுக்கலாமா கூடாதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அவர் பெயரில் கடன் வாங்கிக்கொண்டு அவர் பேச்சைத் தள்ளினீர்கள், அதில்தான் அக்கறை. கணவன் மனைவி எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒருவர் கையெழுத்தில் கடன் நிற்கிறது என்றால், அந்தப் பொருளைப் பற்றிய கெட்ட செய்தி முதலில் அவருக்குத்தான் போக வேண்டும். அதற்கப்புறம்தான் பெயின்டர், ஷோரூம், பத்திரிகை எல்லாம்.

சரி, வண்டிக்கு வருவோம். டிரெய்லரில் ஏற்றி இறக்கும்போதும் யார்டில் நகர்த்தும்போதும் புது வண்டிகளுக்கு அடிபடுவது உண்டு. சரிசெய்து விற்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் விற்பதுதான் குற்றம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 1990இல் ஒரு டாக்டர் 40,000 டாலர் சொச்சத்துக்கு பி.எம்.டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டிவிட்டு, பளபளப்பாக்க ஒரு கடையில் விட்டபோதுதான் மறுபடி பெயின்ட் அடித்த வண்டி என்று தெரிந்தது. உங்கள் கதையேதான். விலையில் 3 சதவீதத்துக்குள் முடிகிற பழுது என்றால் டீலருக்கும் சொல்வதில்லை, அதுதான் எங்கள் வழக்கம் என்றது கம்பெனி. அந்தப் பழுதுக்கு ஆன செலவு 601 டாலர். ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, 4,000 டாலர் நஷ்டஈடும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் கொடுக்கச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையைப் பாதியாக்கியது. அதுவும் அளவுக்கு மீறியது என்று 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி, கடைசியில் 50,000 டாலரில் முடிந்தது. நீங்கள் 40 லட்சத்தைப் பார்க்காதீர்கள். அந்த 4,000ஐப் பாருங்கள், வண்டி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மறுபடி பெயின்ட் அடித்த வண்டியின் மதிப்பு அவ்வளவு குறையும் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். நம் ஊரிலும் அதே கணக்கு போடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. சீட் கவர் என்ன விலை என்று மட்டும் யோசியுங்கள்.

டெலிவரி எடுத்தது சாயங்காலமாக இருந்திருக்கும். ஷோரூமின் ட்யூப்லைட் வெளிச்சம், மாலை, எலுமிச்சம்பழம், போட்டோ. அப்புறம் வண்டி மலை ஏறிவிட்டால் மூடுபனியில் எந்த சில்வரும் ஒரே சில்வர்தான். நானும் குன்னூரில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள், அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். நல்ல வெயில் அடிக்கும் காலையில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். பின்கதவைத் திறந்து, ரப்பர் பீடிங்கை லேசாக விலக்கி, உள்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டுங்கள். பெயின்ட் பரவாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்த இடத்தில், நகம் தட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய மேடு இருக்கும். கீல் போல்ட்டின் முனைகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, கதவைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதெல்லாம் கண்ணுக்கு. சாட்சிக்கு, பெயின்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டர் வேண்டும். பெரிய வொர்க்‌ஷாப்களிலும் பழைய கார் வாங்கி விற்கும் இடங்களிலும் இருக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம். மேலே இன்னொரு தரம் அடித்தால் 200ஐத் தாண்டும், புட்டி பூசியிருந்தால் இன்னும் எகிறும். நான்கு கதவுகளையும் அளந்து, ஒவ்வொன்றையும் மீட்டர் தெரியப் படம் எடுத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது, அங்கே வைத்துக் குழம்பாதீர்கள். அந்தக் கதவை மட்டும் யாரும் பாலிஷ் போடவோ பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள்.

வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கோவைக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது ஊட்டியில். ஒன்பது லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆகவே நீங்களும் கேட்கலாம். சம்மதத்தோடு. அந்தச் சம்மதத்தை எந்த முகத்தோடு போய் வாங்குவீர்கள் என்பது உங்கள் பாடு. நோட்டீஸில் அவர் கையெழுத்துத்தான் இருக்க வேண்டும், அதுவும் முழுக்கப் படித்துவிட்டுப் போட்டதாக. பணம் திரும்ப வேண்டுமா, கதவை மாற்றித் தர வேண்டுமா, எதுவும் வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். பெயின்ட் அடித்த கதவு போதும், ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவுதானே? வெயில் ஏறியதும் அவரையே கூட்டிக்கொண்டு போய், அந்தக் கதவு விளிம்பில் அவர் விரலை வைக்கச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். அந்த சீட் கவரை இதற்குள் வாங்கி மாட்டிவிட்டீர்கள் என்றால், கழற்றித் திருப்பிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், அவர் பெயரில்.